மணிக்கு நிற்காத மெசின்கள்

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஆனால் ஊர்காவற்றுறைக் கோயில் மணி என்ன சொல்கிறது என்று எனக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. மத்தியான மணி அடித்தால் சந்தையில் மீனை ஏலம் கூறுகிறவன்கூட வாயை மூடிக்கொண்டு செபத்துக்கு நிற்பான்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம். பேத்தி முதல்முறை நற்கருணை வாங்கும் நாளுக்குத் தைக்கக் கொடுத்த முதல்நன்மைச் சட்டையை எடுக்க உடுப்புக் கடைக்குப் போயிருந்தேன். கழுத்திலும் கையிலும் பூப்பின்னல் றேந்தை வைத்த வெள்ளைச் சட்டை. முதலாளி அதைக் கதிரையில் விரித்துக் காட்டும்போது மணி அடித்தது. நான் எழும்பினேன். முதலாளியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரைச்சீலைக்குப் பின்னால் மட்டும் தையல் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

செபத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரையை விலக்கினேன். அப்படிச் செய்தது அந்த ஒருநாள்தான்.

உள்ளே ஐந்து பெண்பிள்ளைகள். துணியில் தூசு படுமென்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் இடது கையால் துணியைத் தள்ளிக்கொண்டே வலது கையால் சிலுவை அடையாளம் போட்டாள். கால் மிதிப்பதை விடவில்லை.

"கொஞ்சம் நிப்பாட்டினால் என்ன பிள்ளை?"

"ஐயா ஏசுவார் ஆச்சி."

"தண்ணியாவது குடிச்சனீரோ?"

"காலமை குடிச்சது. குடிச்சால் வெளியில போகவேணும். வேலை முடியுமட்டும் விடமாட்டினம்."

பக்கத்தில் இருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "வாயை வைச்சுக்கொண்டு இரடி, எங்கட வேலையும் போகும்" என்றாள்.

நான் திரும்பி வந்தேன். "தம்பி, இந்தச் சட்டை எனக்கு வேண்டாம்."

"ஏன் ஆச்சி, றேந்தை பிடிக்கேல்லையோ?"

"றேந்தை வடிவாத்தான் இருக்கு. அதைத் தைச்ச பிள்ளை தண்ணி குடிக்கேல்லை. அதைப் போட்டுக்கொண்டு என்ர பேத்தி நன்மை வாங்க ஏலாது."

முதலாளி சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். "தைச்ச உடுப்புத் திருப்பி எடுக்கிறேல்லை எண்டு எழுதியிருக்கு. வாசிக்கேல்லையோ?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நீரே வைச்சு வாசியும்."

வீட்டில் மகள் அழாத குறை.

"வாற ஞாயிறு நன்மை. மற்றப் பிள்ளையள் வானத்துச் சம்மனசு மாதிரி வருவினம். என்ர பிள்ளைக்கு என்னத்தைப் போடுறது? சனம் சிரிக்குமம்மா."

"பல்லிருக்கிறவை சிரிக்கட்டும்."

"நீங்கள் எடுக்காட்டி மட்டும் முதலாளி அந்தப் பிள்ளையளுக்குத் தண்ணி வாக்கப்போறாரோ?"

"வார்ப்பாரோ தெரியாது. நான் எடுத்தால் வாக்கமாட்டார். அது தெரியும்."

பேத்திதான் அலுமாரியைத் திறந்து தன் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துவந்தாள். "இதுவும் வெள்ளைதானே அம்மம்மா" என்றாள். அதை நீலம் போட்டுத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாக அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை றேந்தைச் சட்டைகளுக்கு நடுவே அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு போய் நன்மை வாங்கினாள். பின்னால் வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தி, "என்ன, பிள்ளை பூசை முடியப் பள்ளிக்கூடமோ?" என்று கேட்டாள். பூசை முடிந்ததும் அவளிடம் திரைச்சீலைக் கதையைச் சொன்னேன். கேட்ட எல்லோருக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அடுத்த முறை நன்மைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வந்த தாய்மார் சிலர் முதலில் திரையை விலக்கிப் பார்த்தார்களாம்.

முதலாளி ஒருநாள் என்னைச் சந்தியில் மறித்தார். "தண்ணிக்குடம் வைச்சாச்சு ஆச்சி. இனிக் கடைக்கு வாங்கோவன்."

"வெளியில போக விடுறீரோ?"

அவர் வழியை விட்டு விலகினார்.

"அப்ப நான் பிறகு வாறன்."

சந்தைக்குப் போகும்போது மத்தியான மணிக்கு அந்தக் கடை வாசலில்தான் நிற்பேன். செபம் சொல்லிக்கொண்டே காது கொடுப்பேன். மெசின் ஓடினால் நான் உள்ளே போவதில்லை.