பதிவில்லாத மூன்று இரவுகள்

தனிப்பிரிவுக் காவலர் வந்தது புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. நேரத்தை அன்றே குறித்து வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நேரம் குறிக்காத பக்கம் கிடையாது.

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணியைத் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவு என் பொறுப்பு. காவலர் விசாரிக்க வந்தது எங்கள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியைப் பற்றி. அவர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட எட்டு வயது இளையவர். அவருடைய வேலை விசா முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். பதில் வரும்வரை அவர் இங்கே இருக்கலாம். ஆனால் அதுவரை கையிலிருப்பது ஒரு விண்ணப்ப எண் மட்டும்தான். ஏதாவது பிசகு இருந்தால் நீட்டிப்பை மறுத்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள். செய்யவேண்டியவை, கூடாதவை எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்தவளே நான்.

காவலர் மோர் வாங்கிக் குடித்தார். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சான்று, வீட்டுக்காரர் பதிந்த ரசீது என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இம்புட்டு ஒழுங்கா ஒரு ஃபைலை நான் பாத்ததில்லம்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுந்திருக்கப் போகிறவர் போல நாற்காலியைப் பின்னால் தள்ளியபடி, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கேட்டார்: "இந்த ரெண்டு மாசத்துல வேற எங்கயும் ராத்தங்கலையே?"

"ஓம், தங்கினனான்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "அக்காவின்ர தங்கச்சி வீட்டில. ஸ்ரீவில்லிபுத்தூரில புதுசாக் கட்டினது. மூண்டு இரவு."

காவலர் நாற்காலியை மறுபடியும் முன்னால் இழுத்தார். "வீட்டுக்காரவுக ஆன்லைன்ல பதிஞ்சாகளா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

என் தங்கையின் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று மாலையே அவர் ரயிலேற வேண்டியிருந்தது. பால் காய்ச்சிய வீட்டை முதல் மூன்று இரவு ஆளில்லாமல் பூட்டிப்போடக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். தங்கைக்குத் தனியாகப் படுக்கப் பயம். துணைக்கு நான் கிளம்பினேன். விடுமுறை நாட்கள்தானே என்று எங்கள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியையும் கூட்டிக்கொண்டேன். பேருந்தில் அரைமணி நேரம். அதற்கடுத்த கிருஷ்ணன்கோவில்வரைகூடப் போகவேண்டாத தூரம். வழியில் அவர் கேட்டார்: "அக்கா, இதையும் அறிவிக்க வேணுமோ?"

"என் தங்கச்சி வீடு என்ன லாட்ஜா? சும்மா வாங்க" என்றேன்.

விதி எனக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும், சொந்த வீடாக இருந்தாலும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவருடைய ராஜபாளையத்து வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் பதிந்ததும் நான்தான். என்னோடு வந்தவர் வெளிநாட்டவர் என்பதுதான் அந்தப் பேருந்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

"தமிழ் பேசுனா நம்மாளுன்னு நெனச்சுட்டீக. நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றார் காவலர். "ஆனா நான் கேட்டுட்டேன், அவுகளும் சொல்லிட்டாக. எழுதாம இருக்க ஏலாது."

தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என் வீட்டுல படுத்ததுக்குப் போலீசுக்குச் சொல்லணுமாக்கும்? மூணு நாளும் ஏனத்த வெளக்குனதே அவியதான், அதையும் சேத்து எழுதவா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அக்கா, அவியள அனுப்பிருவாங்களா?"

தாமதமாகவாவது பதிந்துவிடலாம் என்று பார்த்தால், கணினி கதவு எண் கேட்டது. புது வீட்டுக்கு நகராட்சி இன்னும் எண் கொடுக்கவில்லை. எனவே வெள்ளிக்கிழமை மூவரும் மின் இணைப்பு ரசீதை எடுத்துக்கொண்டு விருதுநகரில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போனோம். விதி அறியாமல் நேர்ந்த தவறு என்று தங்கை பெயரில் நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். தங்கையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

அதிகாரி கடிதத்தைப் படித்தார். பிறகு இவரிடம் கேட்டார்: "ரெண்டு வருஷமா இங்க இருக்கீங்க. உங்களுக்கு விதி தெரியும். போறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் கேக்கலையா?"

"இல்லை, சேர். கேக்கேல்லை. என்ர பிழைதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதில் கோப்பில் ஏறினால் அவர் கதை முடிந்தது. அது தெரிந்தேதான் சொன்னார்.

"கேட்டாங்க சார். வேண்டாம்னு சொன்னது நான்" என்றேன். பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கேள்வியும் இருந்தது, என் பதிலும் இருந்தது. நல்ல நகைச்சுவை என்று நினைத்து எழுதி வைத்திருந்தேன்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. "லாட்ஜான்னு கேட்டிருக்கீங்க. இத ஒரு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்தக் கடிதத்த நீங்களே வச்சுக்குங்க."

அடுத்து வந்த நாட்களில் அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். மதியம் என்னோடுதான் சாப்பிட்டார். அவர் கொண்டுவந்த குழம்பு முதற்கொண்டு எழுதியிருக்கிறேன்.

விருதுநகர் போய்வந்த இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை, மாலை நாலு பத்துக்கு நீட்டிப்பு ஆணை வந்தது. ஒரு வருடம். எனக்கும் தங்கைக்கும் தனித்தனியாக எச்சரிக்கைக் கடிதம். ஆணையை அச்செடுத்துக்கொண்டு அவருடைய மாடி வீட்டுக்கு ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. சுவரில் அவர் அம்மாவின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்து அட்டைப்பெட்டியில் இருந்தன. மடித்த பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். கதவோரம் பெரிய பெட்டி, பூட்டியபடி.

"எப்பவிருந்து இப்படி?" என்றேன்.

"அந்தப் பொலிஸ்காரர் வந்த அண்டைக்கே அடுக்கிட்டன்."

மூன்று வாரத்துக்கு மேல். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். காகிதத்தை நீட்டினேன். அவர் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டு, பெட்டியின் முன்னால் குந்திப் பூட்டைத் திறந்தார்.

"ஒருக்கா அமத்திப் பிடியுங்கோ அக்கா" என்றார். "திறக்கேலாமல் சிப் இறுகிப்போய்க் கிடக்கு."