வேகத்துக்கு வாங்கிய இரண்டு டிஸ்க்குகள்

மாடிப்படி ஏறி வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, எல்லாம் கெடைச்சிடும்ல?" கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பைல்களை மீட்டுத் தருகிற டிஸ்க் அக்காவுக்கு, பதினெட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டால் வந்தவர் அசடு வழிவார். "நாளைக்கு எடுக்கலாம்னு பாத்தேன்" என்பார். அந்த நாளை யாருக்குத்தான் வந்திருக்கிறது?

ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்கு எட்டு அறை. தூசி புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்று, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கிய இரும்பு அலமாரி ஒன்று, சுழல் நாற்காலி ஒன்று. வாடிக்கையாளருக்கு நாற்காலி கிடையாது. உட்கார வைத்தால் சொந்தக் கதை சோகக் கதை எல்லாம் கேட்க வேண்டிவரும். அக்கா கைராசிக்காரி, ஆனால் வாய் இருக்கிறதே, அது கத்தரிக்கோல். டிஸ்க் டிக்டிக் என்று சத்தம் போட்ட பிறகும் நாலு முறை போட்டுப் பார்த்தவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் படி இறங்கியதில்லை.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். ஊர்ப்பட்ட பேச்சு. பேசாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. போன வருஷம் தொண்டையில் கட்டி என்று சொல்லி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாலு நாளும் அவருடைய தம்பி, கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், அண்ணனைத் தன் ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் பேச வைத்துப் பதிவு செய்தான். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். அதில் கடைசி ஒரு மணி நேரம் அண்ணிக்கு மட்டும். "அண்ணி, நீங்க வெளிய இருங்க, அப்புறமா கேளுங்க" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவள் இன்னும் கேட்கவில்லை.

செல்போனில் அவர் குரல் இல்லையா என்றால், இருந்தது. "வரும்போது பால் வாங்கிட்டு வா", "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்" ரகம். எதுவும் பத்து செகண்டைத் தாண்டாது.

எட்டு மாதமாகக் கொழுந்தனை நச்சரித்தாள். "இரைச்சலை எடுத்துட்டு அழகா பண்ணித் தரேன் அண்ணி" என்றான். இருக்கிறதை இருக்கிறபடியே காப்பி போட்டுக் கொடு என்றால், "காப்பி ஓடுற நேரத்துல வேலை நின்னுடும் அண்ணி" என்றான். வேகப் பைத்தியம். லிப்ட் வருவதற்குள் மூன்று மாடி ஏறிவிடுகிற ஆள். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றுகிற டிஸ்க் வேண்டும் என்று அடம்பிடித்து இரண்டு வாங்கினான். வாங்கிக் கொடுத்தவளும் இதே அண்ணிதான். கல்யாண வீடியோக்களோடு அண்ணன் பேசிய பன்னிரண்டு மணி நேரமும் அதில்தான் இருந்தது.

போன மாதம் அதில் ஒன்று டிக்டிக் என்றது. கொண்டுவந்து கொடுத்தான். முகத்தைப் பார்த்துத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அதே மாடலில், அதே மாதம் தயாரான இன்னொரு டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரம். அதன் படிக்கும் தலையைக் கழற்றி இதற்கு மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டாள். பத்தொன்பதாம் நாள் டிஸ்க் உயிர்பெற்றது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள், அந்த அறையில் அது அபூர்வம். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாம் துண்டு துண்டு. ஒரு பைலும் முழுசாக இல்லை.

அவளுக்குத் தெரியாமல் அவன் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறான். அப்படிக் கட்டினால் ஒவ்வொரு பைலும் நறுக்கப்பட்டு முதல் துண்டு இதில், அடுத்த துண்டு அதில் என்று மாறி மாறிப் போய் உட்காரும். இரண்டு பேர் சுமப்பதால் வேகம் இரட்டிப்பு. ஒன்று மட்டும் கையில் இருந்தால் பாதிதான்.

போய்த் தொலையட்டும், நல்ல டிஸ்க் அவனிடம்தானே இருக்கிறது என்று போன் போட்டாள். வந்தான். கையில் டிஸ்க் இருந்தது, கண்ணில் கலவரமும் இருந்தது.

"இதுல ரெண்டு கல்யாணம் இருக்கு அண்ணி. பழசு எதுவும் இல்ல."

"இல்லன்னா?"

"பார்மட் பண்ணிட்டேன். புல்லா ஏத்திட்டேன்."

வெறுமனே பார்மட் செய்து அழித்திருந்தால்கூட அவள் தோண்டி எடுத்திருப்பாள். அதன்மேல் இரண்டு கல்யாணத்தை ஏற்றி நிரப்பிவிட்டால் கடவுளே வந்தாலும் முடியாது. அக்கா எழுந்தாள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்.

"புத்தி கெட்டவனே, ஒரு வார்த்தை கேட்டியா? யாருப்பா உன்னை இதுல கை வைக்கச் சொன்னது?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விடவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் வாய் திறந்தான்.

"நீங்கதான் அண்ணி."

டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போன இரண்டாம் நாள் அவன் போன் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. எதிரே ஓர் ஆள் கத்திக்கொண்டிருந்தான். "அண்ணி, இன்னொரு டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, அதை யூஸ் பண்ணிக்கலாமா?" என்று இவன் கேட்டான். "நல்லா இருந்தா பண்ணிக்கோயேன், இதுக்கெல்லாமா போன் போடுவ?" என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தவள் அவள்தான். இரண்டையும் எப்படிக் கட்டியிருக்கிறாய் என்று ஒரே ஒரு கேள்வி. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் முதலில் கேட்கிற கேள்வி. சொந்தக் கொழுந்தனிடம் கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"போப்பா, வீட்டுக்குப் போ" என்றாள். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. அவன் அழுதுகொண்டே இறங்கினான்.

இரண்டு நாள் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. இருந்த துண்டுகளைப் பொறுக்கி, அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வரிசைப்படுத்தினாள். முக்கால் செகண்ட் குரல், முக்கால் செகண்ட் ஒன்றுமில்லை. அப்படியே கடைசிவரை.

மூன்றாம் நாள் மத்தியானம் கண்டக்டர் சாப்பாட்டுக் கேரியரோடு படியேறி வந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"பாதி போயிடுச்சுங்க. தம்பி மேல தப்பில்ல. என் வாயாலதான் போச்சு."

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார்: என்ன பேசினேன்னு எழுதித் தரட்டுமா?

"எழுதினா படிக்கலாம். கேக்க முடியுமா?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டாள்.

"ஏண்டி, நீ..." இடைவெளி. "...அன்னிக்கு மட்டும்..." இடைவெளி. "...என்கிட்ட சொல்லாம..."

அவர் குரல்தான். பஸ் நிறைய ஆள் இருந்தாலும் கடைசி சீட் வரை கேட்கிற குரல். அக்கா தற்செயலாகத் திரும்பியபோது கண்டக்டரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இடைவெளி வரும்போதெல்லாம் விட்டுப்போன சொல்லை அவர் சத்தமில்லாமல் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். அவள் திரையை விட்டுவிட்டு அவர் வாயையே பார்க்க ஆரம்பித்தாள். புரியாத இடத்தில் நிறுத்தி, "திரும்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னார். ஒரு மணி நேரம் ஓடி முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாப்பாடு ஆறிப்போய்விட்டது.

கடைசிக்குச் சற்று முன்னால், "உன்னை மாதிரி ஒருத்தி..." என்று வந்து நின்றது. உதடு அசையவில்லை. அவள் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். "உன்னை மாதிரி ஒருத்தி..." அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தலையை ஆட்டினார்.

"யோசிங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவர் நோட்டை எடுத்தார்: ஞாபகம் இல்ல. நல்லதாத்தான் சொல்லியிருப்பேன்.

"அந்த நல்லதைத்தானேய்யா நான் கேக்கணும்" என்று கத்தினாள் அக்கா.

பழக்கத்தில் கண்டக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.