கையில் சுற்றிய பட்டை

பாரிவாக்கம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசகராகச் சேர்ந்த புதிது. தனி அறை, வாசலில் 'மனநல ஆலோசனை' என்று பெரிய பலகை. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், சர்க்கரை நோயாளிகள் வரிசைக்கு ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்தேன்.

பட்டையைச் சுற்றியதும் ஓர் அக்கா குனிந்து, "தூக்கமே இல்ல கண்ணு. ஏரியில விழுந்துடலாமான்னு தோணிகினே கீது," என்றார்.

"என் ரூமுக்குப் போய்ப் பேசலாங்க்கா."

"அங்க வந்தா எம் பொண்ண எவன் கட்டுவான்? இங்கயே கேளு."

பட்டையைக் கழற்றாமல் கேட்டேன். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "இன்னாம்மா, இவ்ளோ நேரமா பிரஷர் பாக்குற?" என்றார்.

"எனக்கு ஜாஸ்தியா கீதாம்," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

நான் சொன்னதும், சர்க்கரை மாத்திரையோடு சேர்த்தே டாக்டர் மனச்சோர்வுக்கும் மருந்து எழுதினார். அடுத்த வாரமும் அக்கா வந்து கையை நீட்டினார். அன்றே பலகையைக் கழற்றிவிட்டேன். இன்றும் பட்டையைச் சுற்றிய பிறகுதான் பேச்சைத் தொடங்குகிறேன்.