வால் முளைத்த சிவப்புப் புள்ளி

அக்கா அதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்தில் உள்ள டீட்டிகோனில் நான் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட கூடுகளைத் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு என்பதால், பழைய கண்ணாடி எதையோ திருத்தக் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திறந்தால் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு உலோகத் துண்டு. அதன் மேல் சின்னதொரு சதுரக் கண்ணாடி நிமிர்ந்து நின்றது. கைத்துவக்கின் மேல் பூட்டுகிற குறிகாட்டி. அதற்குள்ளால் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். சரிசெய்து பூட்டினால், புள்ளி நிற்கும் இடத்தில் சூடு விழும்.

"துவக்கைக் கொண்டு வரேல்லை, பயப்பிடாதை. இது பழுதோ, இல்லை என்ர கண் பழுதோ எண்டு பாத்துச் சொல்லு. நான் போயிடுறன்" என்றாள்.

அதற்கு முன் மூன்று வருடங்கள் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. பிறந்தநாள்களில் தொலைபேசியில் கதைப்போம், அவ்வளவுதான். காரணம் அவளுடைய துவக்கு. துன் நகரத்தில் ஏரிக்கரை விடுதி ஒன்றில் அறைகளைப் பராமரிக்கும் பெண்களுக்கு அவள் பொறுப்பாளர். கூட வேலைசெய்த ஒருத்தி ஒருநாள் அவளைச் சூட்டுச் சங்கத்துக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே துவக்கு வாங்கவோ சுடவோ சட்டம் விடாது. அன்று அக்கா பார்த்துவிட்டு மட்டும் வந்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே வருடத்தில் சுவிஸ் பிரசாவுரிமை கிடைத்தது. நான் அந்தச் சிவப்புக் கடவுச்சீட்டோடு மட்டக்களப்புக்குப் போய் அப்பாவின் திவசத்தைச் செய்துவிட்டு வந்தேன். அவள் ஆயுத அனுமதிக்கு விண்ணப்பித்தாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஊரில் இராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் குப்புறக் கிடத்தியபோது அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. அப்பாவின் பிடரியில் துவக்கு முனை இருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். அவரைக் கொண்டுபோய் இரண்டு கிழமை கழித்து, பதினைந்தாம் நாள், விடுதலை செய்தார்கள். மறுபடி பிடிப்பார்கள் என்ற பயத்தில் அதன்பிறகு ஒரு இரவும் அவர் எங்கள் வீட்டில் படுத்ததில்லை. இன்றைக்கும் ரயிலில் இராணுவப் பயிற்சிக்குப் போகிற பையன்கள் துவக்கோடு ஏறினால் நான் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். அக்கா துவக்கு வாங்கினாள். அதிலும் பத்து மில்லிமீட்டர் என்கிற, பொலிஸ்காரர் இடுப்பில் இருப்பதைவிடப் பலமாக உதைக்கிற ஒன்று. "அது இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்று சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் என் எதிரில் இருந்தாள். ஐம்பது தாண்டிய பிறகு துவக்கின் முன்குறி மங்கலாகிவிட்டதாம், அதனால்தான் இந்தச் சிவப்புப் புள்ளியாம். ஆனால் புள்ளிக்கு வால் முளைத்திருக்கிறதாம். துவக்குக் கடைக்காரர் பார்த்துவிட்டு உருண்டையாகத்தானே தெரிகிறது என்றாராம். நானும் பார்த்தேன். எனக்கும் உருண்டையாகவே தெரிந்தது. அவளிடம் கொடுத்து, வலக்கண்ணால் பார்த்தபடி கருவியை மெதுவாகச் சுழற்றச் சொன்னேன். பழுது கருவியில் என்றால் வாலும் கூடவே சுழல வேண்டும்.

"இல்லை. வால் அசையாமல் நிக்குது."

அப்படியானால் கண்தான். அளந்து பார்த்ததில் கருவிழியின் வளைவு ஒரு பக்கம் கூடியிருந்தது. அது பெரிய விசயமில்லை, கண்ணாடி போட்டால் தீரும். அளவுகளை எழுதிக்கொண்டே, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறமாதிரி ஏதும்? ஓம், கொஞ்ச நாளாக. ஓரத்தில் மின்னல்மாதிரி ஏதும்?

"ஓம். அது சுடேக்க வாற நெருப்பு வெளிச்சம்தானே."

"சுடாத நேரமும் மின்னுதோ?"

"இப்ப ரயிலில வரேக்கையும் மின்னினது" என்றாள்.

என் கை பேனாவை வைத்துவிட்டது. வலக்கண்ணின் கீழ்ப்பக்கம் விரலை ஆட்டிக் காட்டினேன், அவளுக்குத் தெரியவில்லை. விழித்திரை கழலத் தொடங்கியிருக்கலாம். அதைச் சொல்லுகிற தகுதி எனக்கில்லை, ஆனால் காத்திருக்கக்கூடாது என்று தெரியும். சூரிச்சில் உள்ள கண் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். உடனே கூட்டிவரச் சொன்னார்கள். கடையைப் பூட்டினேன். ரயிலில் அவள் வலக்கண்ணைப் பொத்தியும் திறந்தும் பார்த்துக்கொண்டே வந்தாள். கருவி என் சட்டைப்பையில் இருந்தது. அதை அங்கே போட்டது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றைச் செலுத்தியிருந்தார்கள். அந்தக் குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக அவள் ஒரு கிழமை முகத்தைக் கீழே வைத்திருக்க வேண்டும். துன்னில் தனியாக இருப்பவள். என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கட்டிலின் விளிம்பில் நெற்றியை ஊன்றிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். உறிஞ்சுகுழாயால் தேநீர் குடிக்கக் கொடுத்தேன். அவளோடு கதைக்க நான் நிலத்தில் இருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம், நிலத்தைப் பார்த்தபடியே சிரித்தாள். "தம்பி, நாங்கள் ரெண்டு பேரும் இப்பிடிக் கிடந்தனாங்கள், ஞாபகம் இருக்கோ?"

எனக்கு எப்படி ஞாபகம் இல்லாமல் போகும். அவளே தொடர்ந்தாள். அன்றைக்கு முழுநாளும் தன் மூக்குக்கு முன்னால் ஒரு சப்பாத்தும் துவக்கின் அடிப்பக்கமும்தான் தெரிந்ததென்றாள். எதைப் பார்த்தாலும் கீழே இருந்து பார்த்ததாகவும், பிறகு எத்தனையோ வருடங்கள் கனவிலும் கீழே இருந்துதான் பார்த்ததாகவும் சொன்னாள். "சங்கத்தில முதல் நாள் எனக்குக் காட்டினது சுடுறதை இல்லை. வெறுமையாக்கி, திறந்து, மேசையில வைச்சிட்டு ஒரு அடி பின்னால நிக்கிறதை. எல்லாரும் அதைச் செய்தவை. நான் அதைத்தான் பழகப் போனனான், தம்பி. வைச்சிட்டுப் பின்னால நிக்கிறதை."

இந்த மூன்று வருடங்களில் நான் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காததை நினைத்து அன்று வெட்கப்பட்டேன். அவள் முகம் கீழே இருந்ததால் என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அது எனக்கு உதவியாக இருந்தது.

கண் தப்பியது. ஆனால் வலக்கண்ணில் பழைய கூர்மை திரும்பவில்லை. பல மாதங்கள் கழித்து, உதைப்பைத் தாங்கலாம் என்று வைத்தியர் அனுமதித்த பிறகு, நானும் அவளோடு துன்னில் அந்தத் துவக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமான மனிதர். முதலில் வாங்கிய திறந்த கண்ணாடிக் குறிகாட்டி இந்தத் துவக்குக்குத் தோதில்லை, ஒவ்வொரு சூட்டுக்கும் துவக்கின் மேல் இரும்பு பின்னால் ஓடி அடிக்கிற அடியில் மெல்லிய கருவிகள் ஆட்டம் காணும், மழைத்துளியும் தூசியும் உள்ளே போகும் என்றார். நான்கு பக்கமும் மூடிய பெட்டி போன்ற ஒன்றை எடுத்து வைத்தார். சின்னப் புள்ளியா பெரிய புள்ளியா என்று கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் புதிதாகச் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்தபடி இடக்கண்ணால் பார்க்கச் சொன்னேன். பெரிய புள்ளி சட்டென்று அகப்பட்டது. வெளிச்சத்தை மூன்று படி குறைத்தேன். இடக்கண்ணில் தெரிந்த சின்ன வாலும் சுருங்கியதாம்.

"இப்ப புள்ளி மாதிரிப் புள்ளி" என்றாள்.

பூட்டுகிற வேலையை அவள் வீட்டுச் சமையலறை மேசையில் செய்தோம். மூன்று வருடங்களுக்கு மேல் கழித்து நான் அந்த வீட்டுக்குள் போனது அன்றுதான். குண்டுகள் இருக்கிற ரவைக்கூட்டைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று தானும் பார்த்து எனக்கும் காட்டி, மேல் இரும்பைத் தனியாகப் பிரித்து ஒரு துவாய்த் துணியின் மேல் வைத்தாள். அந்தக் கருவிக்கென்று வந்த தகட்டை வைத்துப் பூட்டி, ஆணித் துளைகளை ஸ்பிரிட்டால் துடைத்தாள். அடுத்த திருகாணிகள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை. அவள் விரலிலிருந்து நழுவி ஒன்று கீழே விழுந்தது. நாள் முழுக்க அப்படியான திருகாணிகளோடு வாழ்பவன் நான். "தா" என்றேன்.

அந்த இரும்பு குளிர்ந்திருந்தது, எதிர்பார்த்ததைவிடப் பாரமாகவும் இருந்தது. வேறொன்றும் எனக்கு நடக்கவில்லை. திருகாணிகளில் ஒரு துளி பசை தடவி, கடைக்காரர் கொடுத்த, அளவு காட்டுகிற திருப்புளியால் அது சொன்ன மட்டும் இறுக்கினேன். கூடினால் புரி போய்விடும், குறைந்தால் கழலும். பசை காய ஒரு நாள் விட வேண்டும் என்றாள். அன்றிரவு அங்கேயே சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை சுடுதளத்துக்குப் போனோம். காதடைப்பான் போட்டு, அவளுக்குப் பின்னால் சுவரோடு நின்றேன். முதல் வெடி காதில் கேட்கவில்லை, நெஞ்சில்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது நான் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா துவக்கை வெறுமையாக்கி, திறந்து, மேசையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்தாள்.

"நீ வெளியில நிண்டாலும் எனக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

"இஞ்சயே நிக்கிறன்" என்றேன்.

முதல் ஐந்து சூடும் இடப்பக்கம் கீழே விழுந்திருந்தன. கருவியின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகைச் சில சொடுக்குகள் திருப்பினாள். அடுத்த ஐந்தும் நடுவுக்குக் கிட்ட வந்தன. இன்னும் இரண்டு சொடுக்கு. கடைசி ஐந்தையும் மிக மெதுவாகச் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அவள் மூச்சு விடுவது அவள் தோளில் தெரிந்தது. எல்லாம் வைத்து, பின்னால் நின்று, அனுமதி கிடைத்ததும் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கடைசி ஐந்து துளைகளும் என் உள்ளங்கைக்குள் மறைந்தன.

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நிண்டனியோ?"

"நிண்டனான்."

"கண்ணைத் திறந்துகொண்டோ?"

"கடைசி ரெண்டுக்கும்" என்றேன்.