ஹார்ட் டிஸ்க்கில் வைத்த பொட்டு

கம்பெனிக்காரன் பூட்டி, சீல் வைத்து அனுப்பும் கேமிங் கம்ப்யூட்டரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே கண்ணாடிக் கதவு, கோயில் திருவிழா மாதிரி சிவப்பும் நீலமுமாக விளக்கு. உள்ளே திறந்து பார்த்தால் எங்கெங்கே மிச்சம் பிடிக்க முடியுமோ அங்கெல்லாம் பிடித்திருப்பான். ஒரு புது கார்டு மாட்டலாம் என்றால் இடம் இருக்காது. இடம் இருந்தால் பவர் போதாது. வாங்கியவன் விளக்கைப் பார்த்து மயங்கியிருப்பான், கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு விழுப்புரத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் கடை போட்டவன் நான். வாய் மோசம், வேலை சுத்தம் என்று ஊரில் பேர். அந்தப் பேரின் மேல் எனக்கு இருந்த ஆசையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2014 வாக்கில் வளவனூரில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரே மகன் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். லீவு நாளில் கேம்தான் அவனுக்கு உயிர். சென்னையில் வாங்கிய ரெடிமேட் பெட்டி, புதுசாக வந்த கேம்களில் திக்கித் திக்கி ஓடியது. கிராபிக்ஸ் கார்டு, ரேம், அதற்குத் தக்க பவர் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மூன்றையும் மாற்றித் தரச் சொன்னான். சாமான்களைச் சென்னையில் எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை போனேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவன் அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, எங்க ஊட்டுக்காரரு அறுபதாம் கல்யாண வீடியோ இதுக்குள்ளதான் இருக்குது. சிடி வீணாப் போச்சி. இது ஒண்ணுதான். அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு வெச்சிட்டு, போட்டுப் பாப்பேன். அதுல அவரு பேசுவாரு. பாத்துப் பண்ணுங்க."

"ஒண்ணும் ஆவாதும்மா. நான் இன்னா நேத்தா கடை வெச்சேன்?" என்றேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைக் காப்பி எடுத்து வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அதற்கான டிஸ்க் என் பையிலேயே இருந்தது. ஆனால் திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் காப்பி எடுக்கவில்லை. இதே தப்பைச் செய்த இன்னொரு மெக்கானிக்கை நாலு பேர் முன்னால் நான் கேவலமாகப் பேசியிருக்கிறேன்.

புது கார்டு நீளம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போய் இடித்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு துண்டை விரித்து, கழற்றியதையும் புதிதாக வந்ததையும் அதன் மேல் வரிசையாக வைத்தேன். அந்த அம்மா சமையற்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"புது சாமானுக்கு ஒரு பொட்டு வெச்சிட்டு மாட்டட்டும். வெள்ளிக்கெழம. நீயே போய் வையம்மா."

மருமகள் சந்தனமும் குங்குமமுமாக வந்தாள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும்போது பழக்கமாகி, வீட்டை எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம். மாமியார் இறங்கி வரவே இல்லையாம். "கல்யாணமாகி மூணு மாசத்துல எங்கம்மா இவள 'அம்மா'ன்னு கூப்பிட்டது இதான் ஃபர்ஸ்ட் டைம்ணா" என்று மகன் என் காதில் சொன்னான். சொல்லிவிட்டு, போன் வந்ததென்று வாசலுக்குப் போனான். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கெங்கண்ணா வெக்கலாம்?"

"இரும்பு மேல எங்க வேணா வெய்மா. பச்ச போர்டுல மட்டும் கை வெக்காத."

சொன்னபடியே செய்தாள். மோதிர விரல் நுனியால் சின்னச் சின்னதாக வைத்தாள். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, மாமனார் வீடியோ இருக்கிற டிஸ்க்கை மட்டும் தொட்டுக் கும்பிட்டாள்.

தப்பு நான் செய்தது. பழைய எஸ்எம்பிஎஸ், புதுசு இரண்டுமே கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய கேபிளைப் பின்பக்கமாக அழகாகக் கட்டி வைத்திருந்தான் கம்பெனிக்காரன். அதைப் பிரித்து எடுக்கச் சோம்பல்பட்டு, அப்படியே புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். சரியாகப் பொருந்தியது. முனை பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு போகும். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை.

சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்றது. கருகல் வாடை வந்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவும் மகனும் ஓடி வந்தார்கள். டிஸ்க்கைக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கம் ஒரு சிப் வெந்து ஓட்டையாகியிருந்தது. மேல்பக்கம் பொட்டு அப்படியே இருந்தது.

"அவரு வீடியோ?" என்றார் அந்த அம்மா.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேலை சுத்தம் என்று பேரெடுத்த முகம். என் வாய் தானாகவே திறந்தது என்று எழுதினால் அது பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

"யாரு இதுல சந்தனம் வெச்சது? ஈரம் உள்ள எறங்கிட்டுது."

அவள் பதறிப்போனாள். "அண்ணா, நீங்கதான இரும்பு மேல வெக்கச் சொன்னீங்க?"

"சொட்டச் சொட்ட வெய்யின்னா சொன்னேன்?"

அவள் டிஸ்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படித்த பெண் அல்லவா. மெதுவாகக் கேட்டாள். "பொட்டு காஞ்சிதான இருக்குது. மேல வெச்சது அடியில இருக்குற சிப்ப எப்படிண்ணா எரிக்கும்?"

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. சரியாகக் கேட்டுவிட்டாளே என்ற கோபம். "புக்குல படிக்கிறது வேற, வேல வேற. தெரியாததுல வாய் வெக்காத" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அவர ரெண்டாவது தடவ சாவடிச்சிட்டியேடி! ஊட்டுக்குள்ள விட்டதே தப்பு, உன் கையில குங்குமத்தக் குடுத்தன் பாரு!" மகன், "வெக்கச் சொன்னா கொட்டுவியா?" என்று மட்டும் கேட்டான். அவள் அழவில்லை. குங்குமச் சிமிழை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன செய்தேன்? சரியான கேபிளை மாட்டினேன். பழைய கேபிளைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். காப்பி எடுக்க வைத்திருந்த டிஸ்க்கை உள்ளே மாட்டி, விண்டோஸ், கேம் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மகன் கொஞ்ச நேரத்தில் துக்கத்தை மறந்து "செமயா ஓடுதுண்ணா" என்றான். எரிந்த டிஸ்க்கைச் சென்னைக்கு எடுத்துப்போய் இரண்டு இடத்தில் காட்டினேன். இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். போனில் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ரேம் சம்பந்தமாக ஏதோ கோளாறு என்று மறுபடி கூப்பிட்டான். போனேன். அந்த அம்மா முட்டி வலியோடு தானே விளக்கேற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். மருமகள் டீயைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் அறை வாசற்படியிலேயே வைத்தாள். உள்ளே வரவில்லை.

"அவ எதையும் தொடக்கூடாதுன்னுட்டேன் தம்பி" என்றார் அந்த அம்மா, அவள் காதுபடவே. "சாமி விளக்கு, இந்த ரூமு, எதுவும் கெடையாது. கொல்லப்பக்கத்தோட சரி. ராசி கெட்ட கை."

அவர் நிறுத்தவில்லை. அவள் பிறந்த வீட்டை, அவள் ஊரை, அவளுக்கு இன்னும் தங்காத பிள்ளையை ஒவ்வொன்றாக இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மனம் திருந்தியெல்லாம் சொல்லவில்லை, எரிச்சலில்தான் சொன்னேன்.

"நிறுத்துங்கம்மா. டிஸ்க்கு பொட்டால எரியல. நான் பழைய ஒயர மாத்தி மாட்டிட்டேன். அன்னிக்குப் பொய் சொன்னேன். தப்பு பண்ணது நான்தான்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"எவ்ளோ நல்ல மனசு தம்பி உங்களுக்கு" என்றார். "இவ மேல பழி வேணான்னு உங்க தலையில போட்டுக்கிறீங்க பாரு."

"சத்தியமாம்மா, நான்தான்."

"வேணாம் தம்பி. இவளுக்காகப் பொய் சத்தியம்லாம் பண்ணாதீங்க. உங்க வேல எப்படின்னு ஊருக்கே தெரியும்."

மகனும், "விடுங்கண்ணா, முடிஞ்சி போச்சி" என்று சிரித்தான். அந்த அம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "பாத்துக்கடி. யாரோ ஒரு மனுசன் உனக்காகப் பேர கெடுத்துக்கினு நிக்கிறாரு. உனக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்குதா?"

அவள் வாசற்படியில் இருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது வேலிப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். அவள் கையில் இருந்த துணியை உதறிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க இன்னா சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாங்கண்ணா."