பேரின்பநாயகத்தின் இருபத்திரண்டு நவம்பர்கள்

பேரின்பநாயகத்துக்கு நாற்காலி ஒத்துக்கொள்ளாது. சிங்கப்பூர் நகரசபை இடுகாட்டு அலுவலகத்தில் எழுத்தராகக் கழித்த வருடங்களில் பாதியையாவது நின்றுகொண்டே கழித்திருப்பார். சன்னல் விளிம்பில் பதிவேட்டை விரித்து, ஒரு காலை மற்றதன் மேல் சாய்த்து, கொக்கு மாதிரி நின்று எழுதுவார். எழுத்து என்னவோ அச்சில் வார்த்தது போலிருக்கும். இடுகாட்டின் நடுவே ஒரு சாலை போகிறது. இந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் முஸ்லிம்கள். பதிவேடுகள் தனித்தனி. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான்.

1959 மார்ச்சில் அயர்லாந்திலிருந்து அவர் பெயருக்கே தடித்த உறை ஒன்று வந்தது. எழுதியவர் மேற்குக் கடலோரத்து ஊரொன்றின் பள்ளி ஆசிரியர், கீன் என்று பெயர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊராம். அறுபத்து மூன்று வீடுகள், அவற்றில் நாற்பது கீன் வீடுகள். பெரும்பாலோர் கீன் என்பதால் அங்கே ஒருவரை அடையாளம் சொல்ல அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். ஆசிரியர் அந்த வீடுகளின் வரலாற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். யார் யாருக்குப் பிறந்தார், எந்தப் படகில் யார் மூழ்கினார், யார் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம். பதினேழாம் வீட்டில் மட்டும் எழுத்து நின்றுவிட்டது.

பதினேழாம் வீட்டில் நோரா கீன் என்ற எழுபத்தாறு வயதுக் கிழவி தனியாக இருந்தாள். அவள் தம்பி மார்ட்டின், தாய் செத்தபின் அவள் தோளில் வளர்ந்தவன், 1921இல் கப்பலேறினான். கடைசிக் கடிதம் 1927இல் சிங்கப்பூரிலிருந்து. குதிரைப் பந்தய மைதானத்து லாயத்தில் வேலை, இங்கே குதிரைகளை மாலையில் குளிப்பாட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தான். அந்த ஊர்த் தேவாலயத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்கள் பெயரையெல்லாம் வாசித்து மன்றாடுவார்கள். மார்ட்டின் பெயரை அதில் சேர்க்க நோரா விடவில்லை. உயிரோடிருப்பவனைச் செத்தவர்களோடு வாசிப்பதா? அவளிடம் அத்தாட்சி இருந்தது. அந்த அத்தாட்சியை ஆசிரியர் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். இப்போது அவளுக்கு நெஞ்சில் நோய், கோடையைத் தாண்டமாட்டாள், உண்மை தெரியாமல் கண்ணை மூட மறுக்கிறாள் என்றும் எழுதியிருந்தார்.

அத்தாட்சி, 1937 ஜூனில் தட்டச்சு செய்த ஒரு பதில். ‘மேற்படி பெயருடைய எவரும் சிங்கப்பூரில் இறக்கவில்லை.’ கீழே பேரின்பநாயகத்தின் கையெழுத்து.

அலுவலக அச்சுப் படிவம், ‘இந்தப் பதிவேட்டில் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். இருபத்தொன்பது வயதில், புதிதாக ஆங்கிலம் தட்டப் பழகிய மிடுக்கில், அவர் அதை அழகுபடுத்தியிருந்தார். கிறிஸ்தவர் பதிவேட்டில் மட்டும், அதுவும் ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு எழுதியது நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு இருப்பே கொள்ளவில்லை.

“இஞ்சருங்கோ, சோத்துக் கோப்பையோட வீடு முழுக்கச் சுத்துறியள். என்ன நடந்தது?” என்று கேட்டாள் அவர் மனைவி இராசமலர்.

சொன்னார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

“அப்ப இருபத்திரண்டு வருசம் அந்த மனுசனுக்கு ஒரு திவசமும் இல்லையோ? உங்கட ஒரு வரியால?”

“செத்தானோ இல்லையோ எண்டே இன்னும் தெரியேல்லை.”

“தெரியாமலோ இறக்கவில்லை எண்டு எழுதினியள்?”

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து பந்தயச் சாலைக்குப் போனார். பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போய் இருபத்தாறு வருடமாகிறது. பழைய மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். லாயக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பால்காரர்களைக் கேட்டார், தையற்காரரைக் கேட்டார், நாவிதரைக் கேட்டார். மூன்று வாரம் தினமும் போனார். ஒரு மணிக்குத் திரும்ப வேண்டியவர் இரண்டேகாலுக்குத் திரும்பினார். நடுவில் அலுவலகத்தில் ஆசிரியரின் பக்கங்களை எடுத்துப் படிப்பார். ஒன்பதாம் வீட்டுப் படகு எந்தப் பாறையில் மோதியது, முப்பத்தொன்றாம் வீட்டுச் சகோதரிகள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாயின. பார்க்காத ஊர், அவரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

நாலாம் வாரம், எருமைச் சாலை முனையில் தேநீர்க் கடை வைத்திருந்த ஜமால் முகம்மது, அவர் கேட்பதற்கு முன்பே சிரித்தார்.

“வாங்க சார். செத்த வெள்ளைக்காரனைத் தேடுற சிலோன்காரர் நீங்கதானே? ஊரே பேசுது லா. உக்காருங்க.”

“நான் நிண்டே குடிக்கிறன்.”

“உங்க இஷ்டம். எங்க வாப்பா லாயத்துக்குப் புல்லு சப்ளை பண்ணவரு. வெள்ளைக்காரங்க நெறைய. குடிப்பாங்க, போயிடுவாங்க. போகாம இருந்தது ஒரே ஒருத்தரு. குடியை விட்டாரு, தொழுகைக்கு வந்தாரு. எங்க சொந்தத்துலயே பொண்ணு கட்டினாரு. நாங்க சின்னப் பசங்க, வெள்ளை மாமான்னு கூப்பிடுவோம்.”

பேரின்பநாயகம் தேநீரைக் கீழே வைத்தார். “பேர்?”

“மர்தான். மர்தான் பின் அப்துல்லா.”

“அப்ப அவர் இல்லை. நான் தேடுற ஆளின்ர தகப்பன் தாமஸ்.”

ஜமால் முகம்மது துண்டால் மேசையைத் தட்டிச் சிரித்தார். “சார், நீங்க எத்தனை வருஷமா எங்க மையத்து அடக்கத்தை எல்லாம் எழுதுறீங்க? மார்க்கத்துக்குப் புதுசா வர்றவங்க தாமஸ் மகனா இருந்தாலும் தங்கவேலு மகனா இருந்தாலும், இங்க எழுதுறது பின் அப்துல்லான்னுதான். அல்லாவோட அடிமை மகன்னு அர்த்தம். தெரியாதா?”

தெரியாது. இத்தனை வருடம் நூற்றுக்கணக்கான ‘பின் அப்துல்லா’க்களை எழுதியிருக்கிறார். இந்த ஊர் அப்துல்லாக்களுக்குத்தான் எத்தனை பிள்ளைகள் என்று ஒருமுறை நினைத்ததும் உண்டு.

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் பாதி வழி நடந்தே அலுவலகத்துக்கு வந்தார். முஸ்லிம் பதிவேடுகளை 1927இலிருந்து இறக்கினார். 1936 ஆகஸ்ட் பதினொன்றில் கிடைத்தது. மர்தான் பின் அப்துல்லா, வயது முப்பத்தொன்பது, காய்ச்சல். ‘இனம்’ என்ற கட்டத்தில் முதலில் ‘ஐரிஷ்’ என்று எழுதி, அதை அளவுகோல் வைத்து நேராக அடித்து, மேலே ‘மலாய்’ என்று எழுதியிருந்தது.

அவருடைய கை. அவருடைய அளவுகோல். பள்ளிவாசலிலிருந்து வந்த சீட்டில் இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டு, முஸ்லிம் பெயருக்கு ஐரிஷ் எப்படி வரும், சீட்டு எழுதினவனுக்கு மூளையில்லை என்று அவரே திருத்தியிருக்கிறார். பத்து மாதம் கழித்துத்தான் நோராவுக்கு அந்த ஒரு வரி போயிருக்கிறது. தட்டச்சு செய்த சன்னலிலிருந்து பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம், கல் எறியும் தூரத்தில் கல்லறை.

ஜமால் முகம்மது விலாசம் கொடுத்தார். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் மர்தானின் மனைவி சம்சுன்னிசாவும், பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த மகன் அப்துல் அலீமும் இருந்தார்கள். அலீமுக்கு வயது இருபத்தொன்பது. கண் மட்டும் சாம்பல் நிறம். பேரின்பநாயகம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“எனக்கு ஒரு நாத்தனா இருக்காங்களா?” என்றார் சம்சுன்னிசா. “முப்பது வருஷமா நாத்தனா தொல்லை இல்லாத புண்ணியவதின்னு என்னைத் தெருவே சொல்லுச்சு.” சிரித்தவர் முகம் சட்டென்று மாறியது. “எழுதுவாரு சார். ஒரு பக்கம் எழுதுவாரு, கிழிப்பாரு. அக்கா என்னை என்ன நினைப்பாளோம்பாரு. பொறகு, அடுத்த மாசம் எழுதறேம்பாரு.”

அலீம் சன்னலருகே நின்று எண்ணெய் படிந்த நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“எழுதுங்க சார். எங்க அத்தா பேரை அவங்க கோயில்ல வாசிக்கறதுன்னா வாசிக்கட்டும். ஆனா முஸ்லிமா இருந்ததை மறைக்கக் கூடாது. மறைச்சா நானே எழுதுவேன்.”

மறைக்கப் பேரின்பநாயகத்துக்கும் மனமில்லை. மறைக்கச் சொன்னவர் தலைமை எழுத்தர் துரைசாமிதான், அதுவும் வேறொன்றை.

“இனத்தை அடிச்சது நீங்கதான்னு எதுக்கு எழுதறீங்க? ‘பதிவில் பிழை காணப்பட்டது’ன்னு போடுங்க. பிழை தானா வந்து உக்காந்துக்கிட்டதா இருக்கட்டும் லா. பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு.”

“நாலு வருசமும் இப்படியே நடந்து திரிய ஏலாது, சார்.”

மூன்று பக்கம் தட்டினார். தேதி, கல்லறை எண், மனைவி பெயர், மகன் பெயர், மகனின் கண் நிறம். கடைசியில், தாம் அடித்த கோட்டையும் தாம் சேர்த்த வரியையும் எழுதி, மன்னிப்புக் கேட்டார். தபாலில் போட்ட பிறகு இன்னும் மோசமானார். கிழவி செத்திருந்தால்? தபால்காரன் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் வாசல் வரை போய் வந்தார். “உங்களுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தா நீங்களே போய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டு வரலாம்” என்றாள் இராசமலர்.

ஜூலையில் பதில் வந்தது. நோரா இருந்தாள். ஆசிரியர் கடிதத்தை மெதுவாக வாசித்துக் காட்டினாராம். மதம் மாறிய இடத்தில், மேலே வாசி என்றாளாம். சம்சுன்னிசாவின் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கோடடித்த இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்:

‘மன்னிப்பு எனக்கு வேண்டாம். 1936 நவம்பர் யாருடைய குற்றமும் இல்லை. முப்பத்தேழிலிருந்து போன வருடம் வரை இருபத்திரண்டு நவம்பர். என் தம்பி பெயரை யாரும் சொல்லாமல் போனது அந்த மனிதரால். நான் அங்கே வர முடியாது. அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். இருபத்திரண்டு நவம்பர் அவர் போய் நின்று, என் தம்பியின் பெயரை அவன் அப்பன் பெயரோடும் பாட்டன் பெயரோடும் உரக்கச் சொல்லட்டும்.’

கடிதத்தோடு பதினேழாம் வீட்டுப் பக்கத்தின் நகலும் இருந்தது. ஜானின் மகன் தாமஸ், தாமஸின் மகன் மார்ட்டின், மார்ட்டினின் மகன் அப்துல் அலீம். அதற்குக் கீழே ஆசிரியர் இடம் விட்டிருந்தார்.

“உங்களுக்கு இப்ப அம்பத்தொண்டு. இருபத்திரண்டாவது வரேக்க எழுபத்திரண்டு” என்றாள் இராசமலர். “எமன் வந்தாலும் நவம்பர் முடிய வா எண்டு திருப்பி அனுப்புவியளாக்கும்.”

அந்த வருடம், கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி காலையில், நெற்றியில் விபூதியோடு சாலையைக் கடந்து போனார். அலீம் தாயோடு வந்திருந்தான். அவர்கள் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி முடிக்கும் வரை மரத்தடியில் காத்து நின்றார். “இப்ப உங்க ஆபீஸ் வேலையைப் பாருங்க சார்” என்று அலீம் ஒதுங்கினான். பேரின்பநாயகம் தொண்டையைச் செருமினார். “ஜானின் பேரன், தாமஸின் மகன், மார்ட்டின்.” கொஞ்சம் யோசித்து, “மர்தான் பின் அப்துல்லா” என்றும் சேர்த்தார். குழி வெட்டுகிற ஆட்கள் மண்வெட்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

1962 வசந்தத்தில் நோரா செத்துப் போனாள். அவளையும் தம்பியையும் சேர்த்தே அந்த நவம்பரில் வாசித்ததாக ஆசிரியர் எழுதினார். இனிப் போகாவிட்டால் கேட்க ஆளில்லை என்று துரைசாமி சொன்னார். பேரின்பநாயகம் போனார். அறுபத்து மூன்றில் ஓய்வு பெற்றார், போனார். அறுபத்தெட்டில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஏழாவது மாடியிலிருந்து மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று வருடங்களில் இன்னொன்றும் செய்திருந்தார். தம் கையால் எழுதிய முஸ்லிம் பதிவேடுகள் அத்தனையையும் சன்னலோரம் நின்று, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ‘இனம்’ கட்டத்தில் அளவுகோல் வைத்து அடித்த கோடு இன்னும் நாலு இருந்தது. எல்லாம் பின் அப்துல்லா. அடித்த கோட்டுக்குக் கீழே ஒன்றில் ‘போர்த்துகீசு’ என்று வாசிக்க முடிந்தது. ஒன்றில் ‘தமிழ்’. மற்ற இரண்டில் மை ஊறியிருந்தது.

1969 நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, பதினோராவது முறை. அலீமின் மூத்த பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே ஓடினாள். பெண்ணின் பெயரை ஆசிரியருக்கு எழுதி அனுப்பி வருடங்களாகின்றன. விட்டிருந்த இடத்தில் சேர்த்தாயிற்று என்று பதிலும் வந்திருந்தது. பேரின்பநாயகம் மார்ட்டினின் பெயரைச் சொல்லி முடித்தார். பிறகு, ஏழு வருடமாகச் செய்வது போல, சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து இன்னும் நாலு பெயர்களை வாசித்தார். அலீம் இத்தனை நாள் கேட்காமல் இருந்ததை அன்று கேட்டான்.

“அது யாரு சார், நாலு பேரு?”

“தெரியாது, தம்பி. நானும் பள்ளிவாசல் பள்ளிவாசலா விசாரிச்சுத்தான் பாக்கிறன். அப்பன் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.”

“அவங்களுக்கும் யாராச்சும் லெட்டர் போட்டாங்களா?”

“ஒருத்தரும் இன்னும் போடேல்லை” என்றார் பேரின்பநாயகம். தாளை மடித்துப் பையில் வைத்தார், எடுத்து, மறுபடி வைத்தார். அலீம் பிளாஸ்க்கைத் திறந்து, பக்கத்திலிருந்த கல் திட்டைத் துடைத்து, உட்காரச் சொன்னான். அவர் நின்றே குடித்தார்.