முதல் போணியும் வெங்காயச் சருகு நிற ரவிக்கையும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து திருவொற்றியூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு எண்ணூர்த் துறைமுகத்தில் வேலை. எனக்குக் கடை பார்ப்பதே வேலை. வாங்குவதை விடப் பார்ப்பதில்தான் ருசி. நாலு பேர் நுழைந்தாலே நிறைந்துவிடும் குட்டித் துணிக்கடை, அதாவது பொட்டிக் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

இந்த ருசிக்குப் போன மாதம் சோதனை வந்தது. கிள்ளானில் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம். அவளுடைய வரவேற்புப் புடவை வெங்காயச் சருகு நிறம். கூட வந்த ரவிக்கைத் துணியைத் தையல்காரர் வெட்டிக் கெடுத்துவிட்டார். புடவை ஓரத்தில் ஒரு துணுக்கை நறுக்கி எனக்கு அனுப்பி, "அக்கா, நீதான் கதி" என்று போனில் அழுதாள். தி.நகரின் பெரிய கடைகளை எல்லாம் சலித்தேன். ஒன்று ரோஜாப்பூ நிறம், இல்லாவிட்டால் செங்கல். வெள்ளிக்கிழமை எனக்கு விமானம்.

கடைசி முயற்சியாக வியாழக்கிழமை காலை திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினேன். வண்ணாரப்பேட்டைக்கு முப்பது ரூபாய், கால் மணி நேரம். அங்கே துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் பத்து மணிக்குக் கடைகள் அப்போதுதான் கண் விழிக்கின்றன. ஊதுவத்தி மணத்த ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரம்மா செல்வி சளைக்காமல் துணிகளைப் பிரித்துப் போட்டார். கைப்பையிலிருந்த துணுக்கை வெளியே எடுக்காமல் கண்ணாலேயே பார்த்தேன்; எதுவும் பொருந்தவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "சும்மா பார்க்கத்தான் வந்தேன், நன்றி" என்று சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

"இன்னாம்மா இது! காத்தால மொத போணியே நீதான். இவ்ளோ எட்த்துப் போட்டேன், சும்மா பாத்தேன்றியே! இன்னிக்குப் பொழப்பு வெளங்குமா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் ஆள் வெறும் கையோடு போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பது இங்கே நம்பிக்கை. அவசரமாக ஒரு அட்டை ஊக்கு வாங்கி இருபது ரூபாய் நீட்டினேன். செல்வி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நொடியே குரல் மாறிவிட்டது.

"இப்ப சொல்லு, இன்னா தேடிகினு கீற?"

துணுக்கைக் காட்டினேன். "அட, இத்த மொதல்லயே காட்ட வேணாவா? நம்ம ஸ்டெல்லாகிட்ட கீதும்மா" என்றவர், போனில் அவளை அழைத்து, "எனுக்குப் போணி பண்ண பொண்ணு வருது, நல்லாப் பாத்துக்கோ" என்றார். எனக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா!

ஷேர் ஆட்டோவில் ராயபுரம் இருபது ரூபாய். தேவாலயத்துக்குப் பின்தெருவில், வீட்டின் முன்னறைதான் ஸ்டெல்லாவின் பொட்டிக். ஜன்னலில் வலைத்துணிக் கவுன்கள், கதவில் சோழி வைத்த கைப்பைகள், உள்ளே ஆரி ஊசியால் பூவேலை செய்த ரவிக்கைகள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று திண்டாடிப்போனேன். ஸ்டெல்லா அலமாரியின் அடியிலிருந்து ஒரு பட்டுத்துணியை உருவினாள்.

"டியூப்லைட்டுல பாக்காதீங்கக்கா, ஏமாத்தும்" என்று வாசல் வெயிலுக்கு இழுத்துப் போனாள். துணுக்கை அதன் மேல் வைத்தாள். துணுக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது! நடுத்தெருவில் கத்தியே விட்டேன். வீடியோ அழைப்பில் பார்த்த கவிதா, "அதேதான்க்கா! அதேதான்!" என்று அங்கே குதித்தாள். துணி ஐந்நூற்று ஐம்பது ரூபாய்; தைப்பது கிள்ளானில் வேறு தையல்காரரிடம்.

போகிறவர்களுக்கு: சும்மா சுற்றிப் பார்க்க ஆசையா, பதினொன்றரைக்கு மேல் போங்கள்; அதற்குள் எல்லாக் கடையிலும் போணி ஆகியிருக்கும். முதல் ஆளாக மாட்டிக்கொண்டால் ஒரு ஊக்காவது வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை ராயபுரம் வேண்டாம், ஸ்டெல்லா தேவாலயப் பூசைக்குப் போய்விடுவாள். நிறம் பொருத்த வேண்டுமானால் கையில் துணுக்கு இருக்கட்டும். போன் படம் உதவாது.

வரவேற்பன்று மண்டபமே கவிதாவின் ரவிக்கையைத்தான் பார்த்தது. எங்கே வாங்கியது என்று அத்தை ஒருத்தி கேட்டாள். "எங்க அக்கா ஊர்ல, ராயபுரத்துல" என்றாள் கவிதா. இரண்டு வருடமாக யார் கேட்டாலும் என் ஊர் கிள்ளான் என்றுதான் சொல்லிவந்தேன். அன்று நான் அவளைத் திருத்தவில்லை.